நெடுஞ்சாலையில் மட்டும் சூடேறும் இன்ஜின்: ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்ட சிறிய கார் ஒன்று உள்ளது. பழைய காராக வாங்கியது. நகருக்குள் எவ்வளவு நேரம் நெரிசலில் நின்றாலும், ஏசி ஓடிக்கொண்டிருந்தாலும், வெப்பமானி முள் நடுவிலேயே நிற்கிறது. ஃபேன் தானாக ஓடித் தானாக நிற்பதும் காதில் கேட்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்திற்கு மேல் தொடர்ந்து ஓட்டினால், கால் மணி நேரத்திற்குள் முள் நடுவைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கிவிடுகிறது. மேட்டுப் பாதையாக இருந்தால் இன்னும் விரைவாக ஏறுகிறது. வேகத்தை 60க்குக் குறைத்து ஏசியையும் அணைத்துவிட்டால் சில நிமிடங்களில் முள் இறங்கிவிடும். சிவப்புக் கோட்டைத் தொடும் வரை இதுவரை நான் விட்டதில்லை.

காரை வாங்கியபோது ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதிலாக வெறும் தண்ணீர்தான் இருந்தது. அதுவும் துருவேறிப் பழுப்பு நிறத்தில் இருந்தது. பணிமனையில் அதை வடித்துவிட்டுப் புதிய கூலன்ட் ஊற்றினார்கள். கூலன்ட் சூடானதும் திறந்து அதை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டையும் புதிதாக மாற்றினார்கள். இவ்வளவு செய்தும் நெடுஞ்சாலையில் சூடேறுவது குறையவில்லை. இப்போது அதே பணிமனையில், "இது ஹெட் கேஸ்கெட்தான், ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்" என்கிறார்கள். அதாவது, இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே இருக்கும் அடைப்புத் தகடு கெட்டுவிட்டது என்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த அளவில் கூலன்ட் எங்கும் ஒழுகவில்லை. ரிசர்வ் பாட்டிலில் அளவு குறைவதே இல்லை. சொல்லப்போனால் நீண்ட பயணத்திற்குப் பிறகு சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை வரவில்லை. பொருட்படுத்தத் தக்கதா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: நெடுஞ்சாலைப் பயணம் முடிந்து மறுநாள் காலையில் போனெட்டைத் திறந்தால், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் நடுவில் அமுங்கித் தட்டையாகக் கிடக்கிறது.

ஹெட்டைக் கழற்றச் சம்மதிப்பதற்கு முன், வேறு என்னென்ன சோதனைகள் செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1

வணக்கம் நண்பரே. இன்ஜின் சூடேறும் சிக்கலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எப்போது சூடேறுகிறது என்பதுதான். அதற்கு நீங்கள் மிகத் தெளிவாக விடை சொல்லியிருக்கிறீர்கள். பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிட்டது. எந்தப் பாகம் கெட்டிருக்கும் என்று ஊகித்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவதைவிட, இந்த ஒரு விடையைப் பிடித்துக்கொண்டு நடப்பது நல்லது.

நின்றுகொண்டிருக்கும்போது சூடேறி, ஓடும்போது தணிந்தால், ரேடியேட்டரின் ஊடாகப் போதிய காற்று போகவில்லை என்று பொருள். ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். உங்கள் காரில் நடப்பது இதற்கு நேர்மாறானது. 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் ஓட்டமே ரேடியேட்டருக்கு வேண்டிய காற்றைத் தந்துவிடும். அங்கே ஃபேனுக்குப் பெரிதாக வேலையில்லை. அதேவேளை, அந்த வேகத்தில் இன்ஜின் எரிக்கும் பெட்ரோல், நின்றுகொண்டு எரிப்பதைப் போல் பல மடங்கு. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் கூலன்ட்டில்தான் இறங்குகிறது. ஆகவே, குறைந்த வெப்பத்தைச் சமாளிக்க முடிகிற குளிர்விப்பு அமைப்பு, அதிக வெப்பம் வரும்போது திணறுகிறது. கூலன்ட்டின் ஓட்டம் எங்கோ குறுகியிருக்கிறது, அல்லது ரேடியேட்டரின் பரப்பில் ஒரு பகுதி வேலை செய்யவில்லை. என் ஐயம் இந்த இரண்டின் மீதுதான்.

எதையும் கழற்றுவதற்கு முன், வெப்பநிலை உண்மையில் எவ்வளவு என்பதை எண்ணாகப் பாருங்கள். பல கார்களில் முள் நடுவில் நிற்பது ஒரே வெப்பநிலையைக் காட்டாது. ஏறத்தாழ 75 டிகிரி செல்சியஸ் முதல் 105 டிகிரி வரை முள் அசையாமல் நிற்கும்படியே அதை அமைத்திருப்பார்கள். எனவே முள் நடுவைத் தாண்டி நகரத் தொடங்கும்போதே நிலைமை முற்றிவிட்டது என்று கொள்ள வேண்டும். காரின் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி துளையில் செருகும் எளிய ஸ்கேனர் ஒன்று இருந்தால் கூலன்ட் வெப்பநிலையை நேரடியாகப் படிக்கலாம். நகரில் எவ்வளவு, 90 கிலோமீட்டரில் எவ்வளவு, வேகத்தைக் குறைத்தபின் எவ்வளவு என்று, அருகில் அமர்பவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்கேனர் இயல்பான எண்ணைக் காட்டும்போது முள் மட்டும் ஏறினால், பழுது வெப்பமானியில் இருக்கிறது; ஸ்கேனரும் முள்ளும் ஒரே சென்சாரைப் படிக்கும் கார்களும் உண்டு என்பதால், ஹோஸின் வெப்பத்தை வெளியிலிருந்தும் ஒருமுறை அளந்து ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து, நீங்கள் தயங்கித் தயங்கிச் சொன்ன மேல் ஹோஸ் விவரம். அதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கூலன்ட் சூடாகும்போது விரிந்து, ரேடியேட்டர் மூடியின் அழுத்த வால்வைத் தள்ளிக்கொண்டு ரிசர்வ் பாட்டிலுக்குப் போகும். இரவில் ஆறிச் சுருங்கும்போது, மூடியின் நடுவில் இருக்கும் சிறிய வெற்றிட வால்வு திறந்து, போன கூலன்ட்டைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த வால்வு ஒட்டிக்கொண்டால், உள்ளே வெற்றிடம் உண்டாகி ஹோஸ் அமுங்கும், பாட்டிலில் அளவு கூடும், ரேடியேட்டரில் குறையும். பாட்டிலில் அளவு குறையவில்லை என்பதை நீங்கள் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது மூடியின் மீதான ஐயத்தை உறுதிப்படுத்துகிறது. நாளைக் காலை, இன்ஜினைக் கிளப்புவதற்கு முன், முழுவதும் ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். கூலன்ட் கழுத்து வரை நிற்க வேண்டும். இரண்டு விரற்கடை கீழே நின்றாலும் காற்று உள்ளே புகுந்திருக்கிறது என்றே பொருள்.

மூடி செய்யும் வேலையைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். தண்ணீரும், செறிவான கூலன்ட்டின் அடிப்படைத் திரவமான கிளைக்காலும் (glycol) சரிபாதியாகக் கலந்த கூலன்ட், மூடி இல்லாமல் திறந்த நிலையில் 107 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். 1 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மூடி இருந்தால், அது ஏறத்தாழ 128 டிகிரி வரை கொதிக்காது. மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை என்றால், சிலிண்டர் ஹெட்டில் வெப்பம் மிகுந்த இடங்களில் கூலன்ட் உள்ளுக்குள்ளேயே கொதித்து ஆவிக்குமிழாகிவிடும். ஆவி தங்கும் இடத்தில் வெப்பத்தை வாங்கிக்கொள்ளத் திரவம் இருக்காது.

இனி ரேடியேட்டர். வெறும் தண்ணீரில் நீண்ட காலம் ஓடிய காரில், துருவும் சுண்ணாம்புப் படிவும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் சேர்ந்து அடைத்திருக்க வாய்ப்பு மிக அதிகம். பழைய தண்ணீரை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றியதால் அந்தப் படிவு போய்விடாது. இதைக் கண்டறிய அகச்சிவப்பு வெப்பமானி போதும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, தெர்மோஸ்டாட் திறந்தபின் நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் முகப்பைக் கட்டம் கட்டமாக அளந்து வாருங்கள். கூலன்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை வெப்பம் சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் திடீரென்று குளிர்ந்திருந்தால், அந்தக் குழாய்களில் ஓட்டம் இல்லை. முன்பக்கம் ஏசி கண்டென்சர் மறைப்பதால் இன்ஜின் பக்கமிருந்தே அளக்க வேண்டியிருக்கும். இன்ஜினை நிறுத்தினாலும் மின் ஃபேன் எந்த நொடியிலும் தானே சுழலக்கூடும் என்பதால், அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். இன்னொன்று: பளபளக்கும் உலோகத்தின் மீது அகச்சிவப்பு வெப்பமானி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். அத்தகைய இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மீது அளவெடுங்கள்.

மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் ஒப்பிடுவதும் நல்ல வழி. இரண்டுக்கும் இடையே வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தால் கூலன்ட் மெதுவாக ஓடுகிறது, அல்லது தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கவில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால், கூலன்ட் ஓடுகிறது, ஆனால் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்க முடியவில்லை. அந்த நிலையில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடைப்பட்ட சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும் வண்டிகளில்கூட, அந்தச் சந்தில் மண்ணும் பூச்சிகளும் பஞ்சும் சேர்ந்து கம்பளம் போல் படிந்திருப்பதைக் காணலாம். ரேடியேட்டரின் ஓரங்களில் காற்று விலகிப் போகாமல் தடுக்கும் பிளாஸ்டிக் தடுப்புகளும், இன்ஜினுக்கு அடியில் இருக்கும் தட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பக்கம் அடிபட்டுச் சரிசெய்த கார்களில் இவற்றைத் திரும்ப மாட்டாமலே விட்டுவிடுவதுண்டு. அதன் விளைவு அதிக வேகத்தில்தான் தெரியும்.

கடைசியாகக் கீழ் ஹோஸ். வாட்டர் பம்ப் கூலன்ட்டை உறிஞ்சும் பக்கம் அது. ரப்பர் தளர்ந்துபோயிருந்தாலோ, சில ஹோஸ்களின் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் துருப்பிடித்து உதிர்ந்திருந்தாலோ, அதிகச் சுழற்சியில் பம்ப் உறிஞ்சும்போது ஹோஸ் உள்வாங்கித் தட்டையாகிவிடும். வேகத்தைக் குறைத்ததும் பழைய வடிவத்திற்கு வந்துவிடும் என்பதால், பணிமனையில் நிறுத்திவைத்துப் பார்க்கும்போது அது கண்ணில் படாது. இன்ஜின் சூடான நிலையில், வண்டியை நியூட்ரலில் வைத்து ஒருவர் நிமிடத்துக்கு 3000 சுழற்சி வரை முடுக்க, இன்னொருவர் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் விலகி நின்று அந்த ஹோஸைக் கவனிக்க வேண்டும்.

பதில் 2

முந்தைய பதிலுடன் முழுமையாக உடன்படுகிறேன். ஹெட் கேஸ்கெட் பற்றி மட்டும் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்; "கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்" என்பது சரியன்று. கழற்றுவதற்கு முன்பே அதை ஏறக்குறைய உறுதிப்படுத்தவோ விலக்கவோ முடியும். ஹெட்டைக் கழற்றிவிட்டால், கேஸ்கெட் நல்ல நிலையில் இருந்திருந்தாலும் அதைத் தூக்கிப்போட்டுப் புதியதைத்தான் மாட்ட வேண்டும்.

செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. இரவு முழுவதும் ஆறிய இன்ஜினைக் காலையில் கிளப்பி, உடனே மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். கூலன்ட் இன்னும் சூடாகாத அந்த ஓரிரு நிமிடங்களில் ஹோஸ் மென்மையாகவே இருக்க வேண்டும். அதற்குள் விறைத்துக் கல்லாகிவிட்டால், சிலிண்டரில் எரியும் வாயு கூலன்ட் வழிக்குள் கசிகிறது என்று ஐயப்படலாம். அப்போது உண்டாகும் அழுத்தத்திற்கு வெப்பம் காரணமாக இருக்க முடியாது.

அடுத்தது நீல நிறத் திரவச் சோதனை. ரேடியேட்டரின் வாயில் ஒரு கண்ணாடிக் குழலைப் பொருத்தி, கூலன்ட்டின் மேல் நிற்கும் காற்றை அதில் உள்ள நீலத் திரவத்தின் வழியே உறிஞ்சுவார்கள். எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தால், பெட்ரோல் இன்ஜினில் அந்த நீலம் மஞ்சளாக மாறும். இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். கூலன்ட்டே குழலுக்குள் ஏறிவிட்டால் திரவம் கெட்டுவிடும். ஆகவே முன்கூட்டியே ரேடியேட்டரில் அளவைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று, மிகச் சிறிய கசிவு பாரம் ஏறும்போது மட்டும் திறக்கும்; எனவே உங்கள் காரில் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்த பிறகே இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். சூடான நிலையில் மூடியைத் திறப்பது ஆபத்து என்பதால், அழுத்தம் தணியும் வரை காத்திருந்து மூடியைத் திறந்து, மீண்டும் இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சோதிக்க வேண்டியிருக்கும்.

இதோடு அழுத்தச் சோதனையையும் கேளுங்கள். மூடி இருக்கும் இடத்தில் கைப் பம்ப்பைப் பொருத்தி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு வரை ஏற்றி, கால் மணி நேரம் விட்டுப் பார்ப்பார்கள். மானி இறங்கி, வெளியில் எங்கும் ஈரம் தெரியாவிட்டால், உள்ளே கசிகிறது. அதே கருவியில் மூடியையும் மாட்டி, அது எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று பார்க்க முடியும். உங்கள் காருக்கு இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு கசிவுத் துளையில் காய்ந்த கூலன்ட் தடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால், ஒன்று மட்டும் நீராவியில் கழுவியது போல் வெளுத்திருக்கிறதா என்று கவனியுங்கள். அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் போகிறது என்பதற்கு அது அறிகுறி.

ஆயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற கசடு தெரிந்தால் உடனே கேஸ்கெட் என்று முடிவுசெய்துவிடாதீர்கள். குறைந்த தூரமே ஓடும் கார்களில், குளிர்ந்த காலத்தில், ஈரம் படிந்தும் அது உண்டாகும். டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலே பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தால், கேஸ்கெட்டை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுமாறு பணிமனையில் உறுதியாகச் சொல்லுங்கள்.

பதில் 3

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். சோதனை செய்யும் ஆர்வத்தில் சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள். உள்ளே 110 டிகிரியில் அழுத்தத்தால் அடங்கியிருக்கும் திரவம், மூடி தளர்ந்த நொடியில் ஆவியாகப் பீறிடும். முகமும் கையும் வெந்துபோகும். துணியைப் போட்டுத் திருகினால் போதும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். ஹோஸைத் தொட்டால் கை தாங்கும் அளவுக்கு ஆறிய பிறகே திறக்க வேண்டும். அதேபோல், சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம்.

கசிவை அடைக்கும் தூள், திரவம் எதையும் யாராவது ஊற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே பாதி அடைத்திருக்கக்கூடிய ரேடியேட்டரையும் ஹீட்டர் குழாய்களையும் அது முழுவதுமாக அடைத்துவிடும். சிலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடவும் சொல்வார்கள். பல இன்ஜின்களில் அப்படிச் செய்தால், பைபாஸ் வழி எப்போதும் திறந்திருந்து, கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி வரும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே பார்த்துவிட்டேன், திரவச் சோதனையையும் அழுத்தச் சோதனையையும் வேறொரு பணிமனையில் செய்யச் சொன்னேன்.

ஸ்கேனரில் நகருக்குள் 93 முதல் 98 டிகிரி வரை காட்டுகிறது. 90 கிலோமீட்டர் வேகத்தில் 108ஐத் தாண்டி 111 வரை ஏறியது. அத்துடன் வேகத்தைக் குறைத்துவிட்டேன், 97க்கு இறங்கியது. காலையில் ஆறிய நிலையில் மூடியைத் திறந்தபோது கூலன்ட் கழுத்துக்கு மூன்று விரற்கடை கீழே நின்றது. மூடியின் நடுவிலுள்ள சிறிய வால்வை நகத்தால் இழுத்துப் பார்த்தேன். பழுப்புப் படிவு ஏறி இறுகிப்போய், அசைய மறுத்தது. அழுத்தச் சோதனைக் கருவியில் மாட்டியபோது, 1.1 பார் என்று அச்சிட்டிருந்த அந்த மூடி 0.5 பாரிலேயே விட்டுவிட்டது.

காலையில் கிளப்பியவுடன் மேல் ஹோஸ் விறைக்கவில்லை. நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்து செய்த சோதனையிலும் நீலத் திரவம் நீலமாகவே இருந்தது. அமைப்பில் ஏற்றிய அழுத்தம் கால் மணி நேரம் இறங்காமல் நின்றது. பிளக்குகள் நான்கும் ஒரே நிறத்தில் இருந்தன.

ரேடியேட்டரை இன்ஜின் பக்கமிருந்து அளந்ததில், கூலன்ட் நுழையும் பக்கம் 90 டிகிரிக்கு மேல் காட்டியது. ஆனால் கீழ்ப்பகுதியில் நான்கு விரல் அகலத்திற்கு ஒரு பட்டை முழுவதும் 50 டிகிரியைச் சுற்றியே இருந்தது. 3000 சுழற்சியில் கீழ் ஹோஸும் உள்ளே வாங்கியது. முழுதாக ஒட்டிக்கொள்ளவில்லை என்றாலும், பாதிக்குப் பாதி தட்டையானதைக் கண்ணால் பார்த்தேன். இப்போது மூடியை மட்டும் மாற்றினால் போதுமா, ரேடியேட்டரையும் மாற்ற வேண்டுமா?

பதில் 1

மூடி, ரேடியேட்டர், கீழ் ஹோஸ் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே சரி என்று கருதுகிறேன், ஏனென்றால் இவை தனித்தனிப் பழுதுகள் போல் தெரிந்தாலும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருக்கின்றன. அடைத்த ரேடியேட்டர் வழியாகக் கூலன்ட் எளிதில் வராததால், பம்ப் கீழ் ஹோஸில் உண்டாக்கும் உறிஞ்சல் மிகுகிறது. மூடி சரியாக இருந்திருந்தால், அமைப்பு முழுவதிலும் நிற்கும் அழுத்தம் அந்த ஹோஸை உள்ளிருந்து தாங்கியிருக்கும். மூடி பாதி அழுத்தத்திலேயே விட்டுவிடுவதால் அந்தத் தாங்கலும் குறைந்துவிட்டது. ஹோஸ் தட்டையாகும்போது ஓட்டம் மேலும் குறைந்து, வெப்பம் மேலும் ஏறுகிறது. மூடியை மட்டும் மாற்றினால் நிலைமை சற்று மேம்பட்டு, சிக்கல் தீர்ந்துவிட்டது போல் தோன்றும். கோடை வந்ததும் திரும்ப வந்து நிற்கும்.

குளிர்ந்த பட்டை அவ்வளவு அகலமாக இருப்பதால், ரேடியேட்டரைக் கழுவி மீட்க முயல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முழுவதும் அடைத்த குழாயில் கழுவும் திரவம் நுழையவே நுழையாது. திறந்திருக்கும் குழாய்களின் வழியாகவே அது ஓடிவிடும். அலுமினியக் குழாய்களும் பிளாஸ்டிக் தொட்டிகளும் கொண்ட இக்கால ரேடியேட்டர்களைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்வதும் நடைமுறையில் எளிதன்று. புதியதை மாற்றுங்கள். ஆனால் புதிய ரேடியேட்டரை மாட்டுவதற்கு முன், இன்ஜின் பிளாக்கையும் ஹீட்டரையும் தனியாக நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். இந்தப் படியைத் தவிர்த்தால், பிளாக்கில் தங்கியிருக்கும் துரு முழுவதும் புதிய ரேடியேட்டரில் போய்ச் சேரும். வெளியே வரும் தண்ணீர் நிறமற்றுத் தெளியும் வரை கழுவ வேண்டும்.

வாட்டர் பம்ப்பையும் இந்தச் சந்தர்ப்பத்தில் பார்த்துவிடுவது நல்லது. துருத்தண்ணீரில் நெடுங்காலம் ஓடிய பம்ப்பின் இறக்கைகள் அரித்துத் தேய்ந்திருக்கலாம். பிளாஸ்டிக் இறக்கை கொண்ட பம்ப்புகளில், அச்சு சுழலும்போதே இறக்கை நழுவி நின்றுவிடுவதும் உண்டு. உங்கள் கீழ் ஹோஸ் உள்வாங்குகிறது என்பதே பம்ப் நன்றாக உறிஞ்சுகிறது என்பதற்குச் சான்று. ஆகவே அதை மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். டைமிங் பெல்ட்டால் ஓடும் பம்ப்பாக இருந்து, அந்த பெல்ட்டின் காலமும் முடியும் நிலையில் இருந்தால் மட்டும், இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

கூலன்ட் ஊற்றும்போது, காரின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள வகையையே பயன்படுத்துங்கள். நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. வெவ்வேறு வேதியியல் கொண்ட கூலன்ட்டுகள் ஒரே நிறத்தில் வருகின்றன, ஒவ்வாத இரண்டு கலந்தால் கூழாகத் திரண்டு மீண்டும் அடைக்கும். செறிவான கூலன்ட்டை வாங்கினால் காய்ச்சி வடித்த தண்ணீரோடு சரிபாதியாகக் கலக்க வேண்டும். கூலன்ட் அதிகமாக இருந்தால் நல்லது என்று நினைத்துச் செறிவாகவே ஊற்றினால், வெப்பத்தைச் சுமக்கும் திறன் குறைந்துவிடும்.

காற்றை வெளியேற்றுவதில் அவசரம் வேண்டாம். வண்டியின் முன்பகுதியைச் சற்று உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் கூலன்ட் வரும் வரை மெதுவாக ஊற்ற வேண்டும். இன்ஜின் சூடான பிறகும் ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்றே வந்தால், உள்ளே எங்கோ காற்று தங்கியிருக்கிறது. புதிய தெர்மோஸ்டாட்டில் சிறு துளையோ, ஆடும் ஊசியோ இருந்தால் அது மேல்நோக்கி இருக்கும்படி மாட்டியிருக்கிறார்களா என்பதையும் உறுதிசெய்யுங்கள். காற்று அதன் வழியாகத்தான் தப்பிச் செல்லும்.

கேள்வி கேட்டவர்

ரேடியேட்டர், கீழ் ஹோஸ், மேல் ஹோஸ், மூடி நான்கையும் மாற்றியாயிற்று. பிளாக்கைக் கழுவியபோது முதலில் செம்மண் கரைசல் போல் வந்த தண்ணீர் தெளிவதற்கு நெடுநேரம் ஆனது. இப்போது 90 கிலோமீட்டர் வேகத்தில் ஏசியுடன் ஓட்டினாலும் ஸ்கேனரில் 94, 95 என்றே நிற்கிறது. மேட்டுப் பாதையில் 99 வரை போய்த் திரும்ப இறங்கிவிடுகிறது. காலையில் மேல் ஹோஸ் உருண்டையாக இருக்கிறது. பாட்டிலிலும் அளவு சூட்டில் ஏறி, ஆறியதும் பழைய இடத்திற்கு வந்துவிடுகிறது. ஹெட்டைக் கழற்றாமலே தீர்ந்தது. வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

இன்னொரு வாசகர்

இந்த உரையாடலைப் படித்துப் பயனடைந்தேன். என் காரில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. நெடுஞ்சாலையில் ஒன்றுமில்லை, சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் முள் ஏறுகிறது, வண்டி நகர்ந்ததும் இறங்குகிறது. ஃபேன் மோட்டாரை அண்மையில்தான் மாற்றினார்கள். அது சுழல்வதையும் பார்த்தேன். அப்படியிருந்தும் ஏன்?

பதில் 2

ஃபேன் சுழல்கிறது என்பதோடு நின்றுவிடாமல், எந்தத் திசையில் சுழல்கிறது என்று பாருங்கள். மோட்டாரை மாற்றும்போது இரண்டு வயர்களும் இடம் மாறிவிட்டால், ஃபேன் தலைகீழாகச் சுழன்று, இன்ஜின் அறையின் சூடான காற்றை ரேடியேட்டருக்குள் தள்ளும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன், காற்றை முன்னாலிருந்து இழுத்து இன்ஜின் பக்கம் விட வேண்டும். முன்கிரில் அருகே ஒரு மெல்லிய தாளைப் பிடியுங்கள். அது உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும், வெளியே பறந்தால் வயர்களை மாற்ற வேண்டும்.

திசை சரியாக இருந்தால், எந்த வெப்பநிலையில் ஃபேன் ஓடத் தொடங்குகிறது என்று ஸ்கேனரில் பாருங்கள். பல கார்களில் முதல் வேகம் 95 முதல் 100 டிகிரிக்குள்ளும், இரண்டாவது வேகம் அதற்குச் சில டிகிரி மேலும் தொடங்கும். இரண்டு வேகங்களில் ஒன்று மட்டும் வேலை செய்யாவிட்டால், ரிலேயோ ரெசிஸ்டரோ எரிந்திருக்கும். பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டால் ஃபேன் தானே ஓட வேண்டும். ஏசி போட்டால் ஓடி, வெப்பத்திற்கு மட்டும் ஓடாவிட்டால், மோட்டாரை விட்டுவிட்டு வெப்ப சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தாலோ, திரும்ப மாட்டப்படாமல் இருந்தாலோ, ஃபேன் ரேடியேட்டரின் முழுப் பரப்பிலிருந்தும் இழுக்காமல் தன் ஓரங்களில் உள்ள காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். இவற்றைப் பார்த்துவிட்டு, ஏசி போட்டபோதும் போடாதபோதும் ஸ்கேனரில் வந்த எண்களோடு இங்கே எழுதுங்கள். அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.